பழுதான துப்பாக்கி போகும் வழி

உரிமம் இல்லாமல் எவரும் துப்பாக்கி வைத்திருக்கவோ எடுத்துச் செல்லவோ கூடாது என்கிறது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. அந்தத் தடையோடு ஒட்டிக்கொண்டு ஒரு சிறு விலக்கும் இருக்கிறது. உரிமதாரர் கூடவே இருந்தாலும் சரி, அவர் எழுத்துமூலம் அனுமதி கொடுத்திருந்தாலும் சரி, உரிமமில்லாத இன்னொருவர் அவருடைய துப்பாக்கியைத் தூக்கிச் செல்லலாம். அதற்கான காரணங்கள் மூன்றே: பழுதுபார்க்க, உரிமத்தைப் புதுப்பிக்க, உரிமதாரரே பயன்படுத்தும் பொருட்டு அவரிடம் கொண்டுசேர்க்க. சட்டம் படித்தவர்களே வேகமாகத் தாண்டிப் போகும் வரிகள் இவை. ஆனால் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் வயலும் தோப்புமாக இருக்கும் ஒரு பெரியவரின் இரட்டைக் குழல் துப்பாக்கியில் இடது பக்கம் வெடிக்காமல் போனால், அடுத்து அவர் செய்யக்கூடியது எல்லாம் இந்த வரிகளுக்குள்தான் அடங்கும்.

நம் கிராமங்களில் ‘டபுள் பேரல்’ என்றால் பெரும்பாலும் 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ, அதுவே குழலின் உள்விட்டம், ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். இயந்திரம் என்ற அளவில் எளிமையானது, நீண்ட ஆயுள் கொண்டது. பழுதாகும் இடங்களும் பழகியவைதான். தோட்டாவின் பின்புறத்தைத் தட்டும் ஃபயரிங் பின் தேய்ந்து மழுங்கும், அல்லது முறியும். உள்ளேயிருக்கும் பட்டை ஸ்பிரிங் தளரும். மரக்கட்டையில் கைப்பிடி மெலியும் இடத்தில் மயிரிழை போல வெடிப்பு ஓடும். இவற்றைவிட மோசமானது, குழல்கள் கீலில் ஆடத் தொடங்குவது. துப்பாக்கியை மூடியபின் குழலின் பின்முனைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால், வெடிக்கும்போது அந்த இடுக்கு வழியே வாயு பின்னால் பீய்ச்சும். சுடுபவரின் கண் அங்கிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

கடலூர், பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று துருவை விரைவுபடுத்துகிறது. குழலின் வெளியே படியும் துருவைத் துடைத்துவிடலாம். இரண்டு குழல்களையும் இணைக்கும் பட்டைக்கு அடியில் தொடங்கும் துரு யார் கண்ணிலும் படாது. இன்னொரு வகை அபாயமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துப்பாக்கிகள் சிலவற்றில், இரும்பும் உருக்கும் கலந்த கம்பிகளை முறுக்கிச் சுற்றி அடித்த ‘டமாஸ்கஸ்’ குழல்கள் இருக்கின்றன. பார்க்க அழகானவை, மேலே அலையலையாக வரி ஓடும். ஆனால் அவை கருமருந்துக் காலத்துக்காகச் செய்யப்பட்டவை. கட்கி ஆலையின் ‘சக்திமான்’ போன்ற புகையில்லா மருந்துத் தோட்டாவை அதில் போட்டுச் சுடலாமா என்பதைக் கைதேர்ந்தவர் ஒருவர்தான் சோதித்துச் சொல்ல முடியும். தாத்தா சுட்டார், அப்பா சுட்டார் என்ற வாதம் உலோகத்திடம் செல்லாது.

அந்தக் கைதேர்ந்தவர் யார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஊரில் கொல்லுப்பட்டறை இருக்கிறது, லேத் பட்டறை இருக்கிறது. மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து தருபவருக்கு ஒரு ஃபயரிங் பின் பெரிய வேலை இல்லை. இருந்தும் அவர் அதைத் தொடக் கூடாது. சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்தல், விற்றல், கைமாற்றுதல், உருமாற்றுதல், பழுதுபார்த்தல், சோதித்தல் ஆகிய எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்து, எல்லாவற்றுக்கும் உரிமம் கேட்கிறது. தண்டனையைப் பார்த்தால் சட்டத்தின் மனது இன்னும் தெளிவாகத் தெரியும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சாதாரணத் துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருப்பவருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகம் போனால் ஐந்து ஆண்டு. உரிமமின்றிப் பழுதுபார்ப்பவருக்கோ குறைந்தது ஏழு ஆண்டு, ஆயுள் வரைக்கும் போகலாம். வைத்திருப்பவரைவிட அதற்கு உயிர் கொடுப்பவரைக் கண்டே சட்டம் அதிகம் அஞ்சுகிறது. உடைந்ததைச் சரிசெய்யத் தெரிந்தவருக்குப் புதிதாகச் செய்யவும் தெரியும் என்பது அதன் கணக்கு. நாட்டுத் துப்பாக்கிகள் பிறக்கும் இடங்களைப் பார்த்தால், அந்தக் கணக்கைத் தப்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. துப்பாக்கிக்கு உரிமம் மாவட்டம்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் கிடைக்கிறது. பழுதுபார்க்க உரிமம் பெற்ற கைவினைஞர் மாவட்டம்தோறும் இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. மாவட்டக் காவல்துறையின் ஆயுதப்படையில் ‘ஆர்மரர்’ இருப்பார். அவர் பொறுப்பு காவல்துறைத் துப்பாக்கிகள். திருச்சியில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இயங்குகிறது. அதன் தலையாய வேலை படைகளுக்கும் காவல்துறைக்கும் ஆயுதம் செய்து கொடுப்பது. எனவே பெரியவரின் இரட்டைக் குழல் பயணம் கிளம்பியாக வேண்டும், பெரும்பாலும் சென்னைக்கு.

பார்சலில் போட்டு அனுப்பினால் என்ன? கூரியர் நிறுவனங்கள் ஏற்க மறுக்கும் பொருட்களின் பட்டியலில் ஆயுதம் மேல்வரிசையில் இருக்கும். பெட்டியில் என்ன என்று மாற்றிச் சொல்லி அனுப்பினாலோ, உரிமதாரர் அந்தக் கணமே குற்றவாளி ஆகிறார், வண்டியோட்டி தெரியாமலே துப்பாக்கி சுமக்கிறார். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 1927இல் வந்த ஒரு சட்டம் கைத்துப்பாக்கிகளைத் தபாலில் அனுப்புவதைத் தடுத்தது. 1963இல் கென்னடியைக் கொன்ற இத்தாலியத் துப்பாக்கி, சிகாகோ கடை ஒன்றிலிருந்து பொய்ப்பெயரில் தபால்வழி வாங்கப்பட்டது. அதன் நிழலில் 1968இல் வந்த சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கி அனுப்புவதற்குக் கடுமையான கட்டுப்பாடு போட்டது. அந்தச் சட்டமே பழுதுபார்ப்புக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்தது: சாதாரண உரிமையாளர் தன் துப்பாக்கியை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவருக்கு அனுப்பலாம், அவர் வேலை முடித்து நேரே உரிமையாளருக்கே திருப்பி அனுப்பலாம். ஆக, பழுதுபார்ப்புக்கு விலக்கு வேண்டும் என்பதில் இரண்டு நாட்டுச் சட்டங்களும் ஒன்றுபடுகின்றன. அமெரிக்கா அந்த விலக்கைப் பெட்டிக்குக் கொடுத்தது. நாம் அதை ஒரு மனிதருக்கும் அவர் சட்டைப்பையில் இருக்கும் கடிதத்துக்கும் கொடுத்தோம்.

இந்த வேறுபாட்டுக்கு இந்தியாவில் ஒரு பழைய காரணம் காட்டலாம். 1914 ஆகஸ்ட் 26. கல்கத்தாவில் ரோடா என்ற துப்பாக்கி வணிக நிறுவனத்துக்கு ஜெர்மனியின் மவுசர் கைத்துப்பாக்கிகள் கப்பலில் வந்திறங்கின. சுங்கச்சாவடியிலிருந்து கிடங்குக்கு மாட்டுவண்டிகளில் சரக்கு போனது. ஒரு வண்டி மட்டும் கிடங்கு போய்ச் சேரவில்லை. நிறுவனத்தில் வேலை பார்த்த ஊழியர் ஒருவரே புரட்சிக்காரர்களோடு சேர்ந்து அதைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். 50 கைத்துப்பாக்கிகள், 46,000 தோட்டாக்கள். கப்பலிலும் கிடங்கிலும் காவல் இருந்தது. இடையே சில தெருக்கள்தான் காவலில்லாமல் கிடந்தன. ஒருவர் கையை விட்டு இன்னொருவர் கைக்குப் போய்ச் சேராத அந்த இடைவெளியில்தான் ஆயுதம் காணாமல் போகிறது. ஆட்சியாளர்கள் மறக்காத பாடம் இது.

கடலூர்க்காரர்களுக்கு இந்த இடைவெளி புதிதல்ல, ஊரின் வடக்கு எல்லையிலேயே இருக்கிறது. பிரெஞ்சு புதுச்சேரி, பிரிட்டிஷ் ஆயுதச் சட்டத்துக்கு வெளியே கிடந்த நிலம். 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். அவருக்குச் சுடும் பயிற்சி கிடைத்தது புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம். அதன்பின் அந்த எல்லையில் ஆளையும் பெட்டியையும் பார்க்கும் கண்கள் கூடின. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியார் கடலூரருகே பிடிக்கப்பட்டு, கடலூர்ச் சிறையில் மூன்று வாரங்களுக்கு மேல் இருந்தார். அவர் கையில் ஆயுதம் ஏதும் இருந்ததால் அல்ல. எல்லையைத் தாண்டி எது வந்தாலும் சந்தேகம் என்ற காலம் அது.

இன்றைக்கு ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் தேடுவது மதுபாட்டில்களை. ஆனால் துப்பாக்கியோடு போகிறவருக்கு அந்த எல்லை இப்போதும் எல்லைதான். கடலூரிலிருந்து சென்னைக்கு வழி கேட்டால் யாரும் புதுச்சேரி வழியாகத்தான் சொல்வார்கள். தென்பெண்ணையைக் கடந்து ரெட்டிச்சாவடி தாண்டினால் முள்ளோடை, கன்னியகோவில். அங்கிருந்து திண்டிவனம் சாலையில் மறுபடி தமிழகத்துக்குள் நுழையும் வரை நடுவில் இருப்பது ஒன்றியப் பகுதி. துப்பாக்கி உரிமத்தில் அது எந்தப் பரப்புக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். நாடு முழுவதும் செல்லும் உரிமமும் உண்டு, ஒரு மாநிலத்துக்குள் மட்டும் செல்லும் உரிமமும் உண்டு. பெரியவரின் புத்தகத்தில் ‘தமிழ்நாடு’ என்று மட்டும் இருந்தால், கன்னியகோவிலில் பேருந்து நிற்கும்போது மடியில் இருக்கும் துப்பாக்கிக்கு உரிமம் இல்லை. உரிமதாரருக்கே இல்லாத உரிமையை அவர் எழுதிக் கொடுத்த கடிதம் இன்னொருவருக்குத் தர முடியாது. சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு, வடலூர், பண்ருட்டி, விக்கிரவாண்டி என்று போவதும், விழுப்புரம் வழியாகப் போகும் ரயிலில் ஏறுவதும் கொஞ்சம் சுற்று. இந்தச் சுமைக்கு அதுவே நேர்வழி.

இந்தக் கரைக்குத் துப்பாக்கியும் பீரங்கியும் பயணம் வந்த கதை வேறொன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1690இல் செஞ்சியிலிருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து ஒரு பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் விற்பனையில் சேர்த்தி. கம்பெனிக்காரர்கள் விடுவார்களா? நல்ல பித்தளைப் பீரங்கியையும் அதற்குத் தேர்ந்த பீரங்கிக்காரரையும் சென்னையிலிருந்து வரவழைத்தார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அடங்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. அங்கே நிலம் அளக்கும் கோலாக வந்து நின்றது பீரங்கி. நூறாண்டுக்குள் இதே பகுதியில் அது போருக்கு வந்தது. 1781இல் ஹைதர் அலியின் படை சிதம்பரம் கோயிலைக் கோட்டையாக்கிக்கொண்டு ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் தாக்குதலை முறியடித்தது. ஜூலை 1இல் பரங்கிப்பேட்டைப் போரில் கூட் வென்றார்.

வென்றவர்கள் அடுத்துச் செய்தது ஆயுதங்களைப் பிடுங்குவது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பின், 1801 டிசம்பர் 1இல் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் அறிக்கை தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. வைஸ்ராய் லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டுச் சட்டம் அதை நாடு முழுமைக்குமான உரிம முறையாக்கியது. அதன் விதிகளின்படி ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியருக்கு உரிமம். 1959 சட்டம் அந்த நிறபேதத்தை விட்டொழித்தது. ஆனால் துப்பாக்கிக் கைவினைஞரைச் சந்தேகத்தோடு பார்க்கும் பார்வையை அப்படியே வாங்கிக்கொண்டது என்றே எனக்குப் படுகிறது. சுதந்திர நாட்டில் அதற்கு வேறு நியாயங்கள் கிடைத்தன, பார்வை மாறவில்லை.

அந்தப் பார்வையின் கீழ் அதிகம் நசுங்கியவர்கள் நரிக்குறவர்கள். வாய்வழியே மருந்தும் ரவையும் கெட்டித்துச் சுடும் ஒற்றைக்குழல் துப்பாக்கி அவர்கள் பிழைப்போடு சேர்ந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மூடியது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க ஒப்புக்கொண்டது. துப்பாக்கி விஷயத்தில் அதனால் ஒன்றும் மாறவில்லை. வாய்வழித் துப்பாக்கியும் சட்டத்தின் முன் துப்பாக்கியே. கட்டை பிளந்தால் கம்பி சுற்றிக் கட்டிக்கொள்வதற்கும், பட்டறையில் கொடுத்து ஒக்கிடுவதற்கும் நடுவில் ஏழாண்டுச் சிறை நிற்கிறது. நகரத்துக்கு எடுத்துச் சென்று, கூலி கொடுத்து, காத்திருந்து வாங்கிவர வசதி உள்ளவருக்குத்தான் 3ஆம் பிரிவின் விலக்கு உண்மையில் பயன்படும்.

துருவுக்கு அரசே ஒரு வாய்ப்பும் கொடுக்கிறது. தேர்தல் அறிவித்தவுடன் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். 2024இல் மார்ச் 16இல் அறிவிப்பு, ஜூன் 4இல் வாக்கு எண்ணிக்கை. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19இலேயே முடிந்துவிட்டாலும் நடத்தை விதிகள் எண்ணிக்கை வரை நீண்டன. கோடைப்புழுக்கத்தில் இரண்டரை மாதம் எண்ணெய் காணாமல் கிடந்த குழலைத் திரும்ப வாங்கும்போது, அதன் நிலையைப் பற்றிப் பேச யாருக்கும் தோன்றாது. எண் சரியா என்று பார்ப்பதோடு முடிந்துவிடும். ஒப்படைக்கும்போதே துப்பாக்கியின் நிலையை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கேட்டால் எழுதித் தருவார்கள், கேட்பவர்தான் குறைவு.

உரிமம் புதுப்பிக்கும் காலத்தை 2019 திருத்தம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக்கியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை துப்பாக்கி எப்படியும் அதிகாரிகள் முன் வந்துதான் ஆகிறது. அன்றைக்கு ஆயுதப்படை ஆர்மரர் ஒருவர் உட்கார்ந்து, குழல் ஆடுகிறதா, உள்ளே குழி விழுந்திருக்கிறதா, சுடத் தகுந்ததா என்று பார்த்துச் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? லண்டனிலும் பர்மிங்காமிலும் குழல்களை அளவுக்கு மீறிய மருந்தால் வெடித்துச் சோதித்து முத்திரை குத்தும் நிலையங்கள் நூற்றாண்டுகளாக நடக்கின்றன. லண்டன் துப்பாக்கிக்காரர் சங்கத்துக்கு 1637இலேயே அரச சாசனம் கிடைத்தது. அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. நம் முறை துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதை விடாமல் கேட்கிறது, அந்தக் கையையே அது பிய்த்துவிடுமா என்பதைக் கேட்பதில்லை. இந்த ஒரு கேள்வியை மாவட்டத்துக்குள்ளேயே கேட்டுவிட்டால், பாதிப் பயணங்கள் தேவைப்படாது. மீதிப் பயணங்கள் தக்க காரணத்தோடு நடக்கும்.

அதுவரை கடிதம்தான். சட்டம் அதற்கு எந்த வாசகமும் வகுக்கவில்லை, எழுதுபவர் பார்த்து எழுதவேண்டும். உரிம எண், தேசியத் தரவுத்தளத்தில் உள்ள தனி அடையாள எண், துப்பாக்கியின் தயாரிப்பு, போர், குழலிலும் உடலிலும் பொறித்த எண். எடுத்துச் செல்பவர் பெயர். பழுதுபார்ப்பவர் பெயரும் அவருடைய உரிம எண்ணும். போகும் வழி, தேதி. உரிமத்தின் நகலையும் இணைக்கலாம். தோட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது எல்லோருக்கும் நிம்மதி. இரட்டைக் குழலைக் கழற்றினால் குழல், கட்டை, முன்கட்டை என மூன்றாகப் பிரிந்து ஒரு நீளப் பைக்குள் அடங்கும். பேருந்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் மறைத்து வைக்கிறோம் என்ற தோற்றம் வராதபடி, சோதனையில் கேட்டால் முதலில் நீட்டவேண்டியது அந்தக் காகிதத்தை.

கடையில் விட்ட கணத்திலிருந்து துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் உரிமத்துக்குள், அவருடைய பதிவேட்டுக்குள் வந்துவிடுகிறது. ரசீது வாங்காமல் படியிறங்கக் கூடாது. இரண்டு விஷயங்களை அவரிடம் முன்கூட்டியே பேசிவிடவேண்டும். ஒன்று, மெருகேற்றுவது. துரு தேய்த்து, நீலம் ஏற்றிப் பளபளவென்று தருகிறேன் என்பார். எண் பொறித்த இடத்தை அவர் கை தொடக்கூடாது. 8ஆம் பிரிவின்படி அடையாள எண் அழிந்த துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ அவரே அழித்ததாக ஊகிக்கப்படும், இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. மற்றொன்று, குழல் முனை நசுங்கியிருந்தால் கொஞ்சம் அறுத்துவிடலாம் என்ற யோசனை. குழலைக் குறுக்குவது 6ஆம் பிரிவின் கீழ் தனி விவகாரம். அதற்குத் தனியே உரிமம் வேண்டும்.

உரிமத்தின் கடைசித் தேதியையும் பார்த்துக்கொள்ளவேண்டும். துப்பாக்கி கடையில் இருக்கும்போது உரிமம் காலாவதியானால் பழுதுபார்ப்பவர் அதைத் திருப்பித் தர முடியாது, தந்தால் இருவருக்கும் வழக்கு. உதிரி கிடைக்கவில்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்பது இந்தத் தொழிலில் சாதாரணம். அதனால் திரும்பி வரும் தேதியை முதல் கடிதத்தில் எழுதவே முடியாது. வேலை முடிந்த தகவல் வந்தபின், எடுத்துவரப் போகிறவருக்குப் புதிய தேதியிட்டு இரண்டாவது கடிதம் ஒன்று எழுதித் தரவேண்டும்.